வீட்டுல கிடைச்ச பழைய டயல் போன்: எந்த பார்ட் எதோடது, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

தம்பி, உங்க கேள்வியை முதல்ல ரெண்டு வரியில சொல்லிடுறேன், அப்பதான் மத்தவங்களுக்கும் புரியும். கானாடுகாத்தான் வீட்டுல பெட்டகசாலையை ஒழிக்கும்போது மூணு போன் கிடைச்சிருக்கு. ஒண்ணு கனமான கருப்பு டயல் போன், இன்னொண்ணும் அதே மாதிரி கருப்புதான் ஆனா டயல் இருக்க வேண்டிய இடத்துல வட்டமா ஒரு மூடி, மூணாவது சிவப்பு பிளாஸ்டிக் டயல் போன். கூடவே ஒரு பிஸ்கட் டின் நிறைய உதிரி சாமான். காரைக்குடியில ஒரு கடைக்காரர் "உள்ள இருக்கிறதையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு புது போர்டு வெச்சு, வெளிய பாலிஷ் அடிச்சுத் தர்றேன்"னு சொல்லியிருக்காரு. என்ன மாடல், என்ன செய்யலாம், வேலை செய்யுமான்னு கேக்குறீங்க.

அந்தக் கடைக்காரர் சொன்னதுக்கு மட்டும் சம்மதிக்காதீங்க. பழைய போனோட மதிப்பு, அழகு, எல்லாமே அதோட உள்ள இருக்கிற பார்ட்டும் வெளிய இருக்கிற கூடும் ஒண்ணா சேர்ந்து பிறந்ததுங்கிறதுலதான் இருக்கு. உள்ளதை எடுத்துட்டா மிச்சம் இருக்கிறது ஷோகேஸ்ல வைக்கிற ஒரு கருப்பு டப்பா. அதைவிட முக்கியமா, இந்த போன்கள் கெட்டுப்போறது ரொம்ப அபூர்வம். பல வருஷம் பூட்டியே கிடந்த வீட்டுல காரைத் தூசி, காய்ஞ்ச கிரீஸ், குளவிக்கூடு, பூச்சி அரிச்ச ஒயர், இதுதான் தொண்ணூறு சதவீதம் கம்ப்ளெயின்ட். அது எல்லாமே சரி பண்ணக்கூடியது.

அதனால முதல் வேலை, துணியை எடுக்காதீங்க, கேமராவை எடுங்க. மூணு போனையும் நாலு பக்கமும், அடிப்பக்கமும் போட்டோ எடுங்க. டின்ல இருக்கிறதை ஒரு வெள்ளைத் துணியில பரப்பி எடுங்க. பங்காளிகள் நாலைஞ்சு பேர் இருக்கிற பொது வீடுன்னா இன்னொரு வேலையும் இருக்கு, மத்தவங்க அறையிலயும் கேட்டுப் பாருங்க, ஒரு போனோட மணி ஒரு அறையில, ரிசீவர் இன்னொரு அறையிலன்னு பிரிஞ்சு கிடக்கிறது நம்ம பக்கம் ரொம்ப சகஜம். ஒரு திருகாணி கூட குப்பைக்குப் போகக்கூடாது, காரணம் பின்னாடி சொல்றேன்.

இப்ப அடையாளம். கருப்பு போன் கனமா, தட்டுனா பீங்கான் மாதிரி கணீர்னு கேட்டா அது பேக்லைட். 1907ல லியோ பேக்லாண்ட் கண்டுபிடிச்ச பொருள், பீனாலும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்தது, உறுதிக்கு உள்ள மரத்தூள் மாதிரி ஃபில்லர் கலந்திருப்பாங்க. கட்டை விரலால வேகமா தேய்ச்சு சூடாக்கி முகர்ந்து பாத்தா லேசா கார்பாலிக் வாசனை வரும். சூடான ஊசியால குத்திப் பாக்கச் சொல்லி யாராவது சொன்னா கேக்காதீங்க, அந்த ஓட்டை நிரந்தரமா நிக்கும்.

அடுத்தது ரிசீவர் கைப்பிடியைத் திருப்பிப் பாருங்க, உள் வளைவுலயோ கைப்பிடியிலயோ ஒரு நம்பர் அச்சாகியிருக்கும். 164ன்னு இருந்து பக்கத்துல 56ன்னு ஒரு எண் இருந்தா, 164ங்கிறது அந்தக் கைப்பிடியோட மாடல், 56ங்கிறது 1956ல செஞ்சதுன்னு அர்த்தம். பிரிட்டிஷ் தபால் துறை வழக்கம் இது, நம்பரோட சேர்ந்து வர்ற எழுத்து எந்தக் கம்பெனி செஞ்சதுன்னு காட்டும். நீங்க அனுப்பின படத்துல கீழ சின்னதா இழுக்கிற டிராயர் தெரியுது, மணியும் உள்ளேயே இருக்குன்னு சொல்றீங்க, அப்போ அது 300 வரிசை போன், பெரும்பாலும் 332 வகை. 1937ல பிரிட்டன்ல வந்தது. அந்த உருவம் நார்வேக்காரர் ஜீன் ஹெய்பெர்க் 1930களோட தொடக்கத்துல எரிக்ஸன் கம்பெனிக்காக வரைஞ்ச போன்லேர்ந்து வந்தது. அதுக்கு முன்னாடி 1929ல வந்த 162ங்கிற மாடல் பிரமிடு மாதிரி கூம்பா இருக்கும், அதுல மணி உள்ள கிடையாது, தனியா ஒரு பெட்டியில சுவத்துல இருக்கும். அந்த மாதிரி தனி மணிப்பெட்டி வளவுப் பக்கம், அதாவது முற்றத்தைச் சுத்தி, எங்கயாவது சுவத்துல அடிச்சிருக்கான்னும் ஒரு தடவை பாத்துடுங்க.

இங்க ஒரு குழப்பம் வரும். அதே உருவத்துல நம்ம நாட்டுலயும் போன் செஞ்சாங்க. பெங்களூர்ல ஐடிஐ, அதாவது இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ், 1948ல ஆரம்பிச்சாங்க, லிவர்பூல்ல இருந்த ஏடிஇ கம்பெனியோட தொழில்நுட்பத்துல. அதனால ஐடிஐ பேக்லைட் போனும் இங்கிலாந்து போனும் தூரத்துலேர்ந்து பாத்தா அண்ணன் தம்பி. வித்தியாசம் தெரியணும்னா டயலுக்கும் அடித்தகடுக்கும் போங்க. ஐடிஐ முத்திரை பெரும்பாலும் அடித்தகட்டுலயோ டயலுக்குப் பின்பக்கமோ இருக்கும். டயல்ல எண்ணோட சேர்த்து இங்கிலீஷ் எழுத்தும் இருந்தா உன்னிப்பா பாருங்க: 6க்குப் பக்கத்துல எம், என் ரெண்டு மட்டும் இருந்து, ஓங்கிற எழுத்து 0 பக்கத்துல இருந்தா அது பிரிட்டிஷ் டயல். எம், என், ஓ மூணும் 6லேயே இருந்தா அமெரிக்க டயல். லண்டன், லிவர்பூல், மான்செஸ்டர் மாதிரி பெரிய ஊர்ல எக்ஸ்சேஞ்ச் பேரோட முதல் மூணு எழுத்தை டயல் பண்ணித்தான் கூப்பிட்டாங்க, அதுக்குத்தான் அந்த எழுத்து.

நம்ம செட்டிநாட்டு வீட்டுல இது ஏன் முக்கியம்னா, தேக்கு பர்மாவுலேர்ந்தும் சலவைக்கல் இத்தாலியிலேர்ந்தும் வந்த மாதிரி, ரங்கூன், பினாங்கு, கொழும்பு கடையில இருந்த சாமானும் திரும்பி வரும்போது கூடவே கப்பல்ல வந்திருக்கு. உங்க போன் அப்படி வந்ததா, இல்ல இங்க டெலிபோன் இலாகா மாட்டினதான்னு அந்த முத்திரையும் வருஷமும்தான் சொல்லும். அடியில ஏதாவது சீட்டு ஒட்டியிருந்தா, பாதி கிழிஞ்சிருந்தாலும், ஈரத்துணி படாம பாத்துக்குங்க. பல போன்ல டிராயருக்கு அடியிலயோ அடித்தகட்டு உள்பக்கமோ சர்க்யூட் படம் ஒட்டியிருப்பாங்க, அது உங்களுக்கு வேலைக்கே வேணும்.

டயல் இல்லாத ரெண்டாவது போனைப் பத்தி நீங்க "டயல் தொலைஞ்சு போச்சு, வேற வாங்கிப் போடலாமா"ன்னு கேட்டிருக்கீங்க. தொலையலை தம்பி. அது அப்படியேதான் வந்தது. சின்ன ஊர்ல ரொம்ப காலம் மேனுவல் எக்ஸ்சேஞ்ச்தான், போனைத் தூக்குனா ஆபரேட்டர் கேப்பாங்க, நம்பர் சொன்னா பிளக்கைச் சொருகிக் குடுப்பாங்க. வெளியூருக்கு டிரங்கால் புக் பண்ணிட்டு காத்துக் கிடக்கணும். நேரா நாமே டயல் பண்ற எஸ்டிடி இந்தியாவுல முதல்ல லக்னோ, கான்பூர் நடுவுல 1960லதான் வந்துச்சு. அந்த மேனுவல் எக்ஸ்சேஞ்ச்ல டயலுக்கு வேலையே இல்ல, அதனால அந்த ஓட்டையை மூடி வெச்சே செஞ்சாங்க. பக்கத்துல சுத்துற கைப்பிடி இருந்தா அது மேக்னெட்டோ போன், சுத்துனா உள்ள இருக்கிற குதிரை லாட காந்தத்துக்கு நடுவுல சுருள் சுத்தி கரண்ட் வரும், அதுதான் எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டருக்கு சிக்னல் குடுக்கும். ஒயர் முனையைக் கையில புடிச்சுக்கிட்டு யாரையும் சுத்தச் சொல்லாதீங்க, நல்லாவே ஷாக் அடிக்கும். கைப்பிடி இல்லைன்னா அது சென்ட்ரல் பேட்டரி வகை, தூக்குனாலே எக்ஸ்சேஞ்சுல விளக்கு எரியும். செட்டிநாட்டு வீட்டோட நிஜமான போன் எதுன்னு கேட்டா நான் அந்த மூடி போட்ட போனைத்தான் காட்டுவேன். அதுக்கு டயல் மாட்டிட்டா அந்தக் கதை அழிஞ்சு போயிடும். மாட்டாதீங்க.

பிஸ்கட் டின்னுக்கு வர்றேன். படத்துல தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன். முன்பக்கம் ஓட்டை ஓட்டையா, ஆட்டுனா உள்ள மணல் சலசலக்கிற மாதிரி கேக்குதே, அது வாய்ப்பக்கம் வர்ற டிரான்ஸ்மிட்டர். உள்ள இருக்கிறது கார்பன் துகள். நாம பேசுற அதிர்வுல துகள் நெருங்கி விலகி, அதுக்கேத்த மாதிரி கரண்ட் ஏறி இறங்கும். கனமா, காந்தம் மாதிரி ஊசியை இழுக்கிறது ரிசீவர், காதுப்பக்கம். மூணு நாலு கம்பி முனையோட, துணி நாடா சுத்தின சுருள் இண்டக்ஷன் காயில். அது நாம பேசுறது நம்ம காதுலயே ஓங்கிக் கேக்காம தடுக்கும். நீள் சதுர தகர டப்பா, மேல 2 மைக்ரோ ஃபாராட்னு எழுதியிருக்கிறது கண்டன்சர். கிண்ணம் ரெண்டும் மணியோட காங்கு. நடுவுல ஓட்டை இருக்கே, அந்த ஓட்டை சரியா நடுவுல இல்லாம கொஞ்சம் தள்ளியிருக்கும், அது செஞ்சதுல வந்த கோளாறுன்னு நினைச்சு யாரும் புது ஓட்டை போட்டுடக்கூடாது. காங்கைத் திருப்பித் திருப்பி சுத்தியலுக்கும் அதுக்கும் இடைவெளியை சரி பண்றதுக்குத்தான் அப்படி செஞ்சிருக்காங்க.

திருகாணி விஷயம். பிரிட்டிஷ் போன்லயும் அதைப் பாத்து செஞ்ச பழைய போன்லயும் பிஏ, அதாவது பிரிட்டிஷ் அசோசியேஷன், திரெட்தான். 2 பிஏ 4.7 மில்லிமீட்டர், 4 பிஏ 3.6, 6 பிஏ 2.8. இது எதுவும் இன்னிக்கு ஹார்டுவேர் கடையில கிடைக்கிற எம் 3, எம் 4க்கு ஒத்துவராது, திரெட்டோட கோணமே வேற. எம் 3 திருகாணியை 6 பிஏ ஓட்டையில அழுத்தித் திருகுனா பித்தளைத் திரெட் அறுந்து போகும், அப்புறம் அந்த பார்ட்டே போச்சு. அதான் ஒரு திருகாணியும் போகக்கூடாதுன்னு சொன்னேன். இதுல இன்னொரு லாபமும் இருக்கு: பழைய பிரிட்டிஷ் போன்ல மைனஸ் தலை திருகாணிதான் இருக்கும், உள்ள ஸ்டார் தலை திருகாணி பாத்தீங்கன்னா அங்க யாரோ பிற்பாடு கை வெச்சிருக்காங்கன்னு புரிஞ்சுக்கலாம்.

சரி, டயல். இதுல கொஞ்சம் நிதானமா இருங்க, ஏன்னா போன்ல ரொம்ப நுட்பமான பார்ட் இதுதான், எல்லாரும் அவசரப்பட்டுக் கெடுக்கிறதும் இதைத்தான்.

டயல் செய்ற வேலை ஒண்ணே ஒண்ணு, லைனை வெட்டி வெட்டி சேக்கிறது. 1 சுத்துனா ஒரு தடவை, 5 சுத்துனா அஞ்சு தடவை, 0 சுத்துனா பத்து தடவை. இந்த வெட்டு நாம சுத்தும்போது நடக்காது, விரலை எடுத்ததும் டயல் தானா திரும்பி வருதே அப்பதான். செகண்டுக்கு பத்து வெட்டு, ஒவ்வொண்ணுலயும் மூணுல ரெண்டு பங்கு நேரம் லைன் திறந்திருக்கணும், ஒரு பங்கு மூடியிருக்கணும். அந்தக் காலத்து ஸ்ட்ரோஜர்ங்கிற தானியங்கி எக்ஸ்சேஞ்ச்ல ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு இரும்புக் கை ஒரு படி ஏறும், டயல் வேகமா ஓடிட்டா அந்தக் கை தவறவிட்டுடும், மெதுவா ஓடுனா நம்பர் முடிஞ்சிடுச்சுன்னு நினைச்சுக்கும், ராங் நம்பர்தான். அதனால டயலோட வேகம்தான் உயிர். அந்த வேகத்தைக் காக்கிறது கவர்னர். பின்பக்கம் பாத்தா சின்ன பித்தளைக் கிண்ணத்துக்குள்ள ரெண்டு குட்டி எடை சுத்தும். வேகம் கூடுனா எடை ரெண்டும் வெளிப்பக்கம் விரிஞ்சு கிண்ணத்தோட உள்சுவத்துல உரசும், தேர் ஓட்டத்துல முட்டுக்கட்டை போடுற மாதிரி, வேகம் தானா அடங்கிடும்.

நீங்க சொன்ன கம்ப்ளெயின்ட், "9ம் 0ம் சுத்துனா பாதியில நின்னுடுது, கையால தள்ளணும்". இது ஸ்பிரிங் போனதில்ல. காய்ஞ்ச எண்ணெய். பழைய எண்ணெய் பல வருஷத்துல வார்னிஷ் மாதிரி கெட்டியாகி, அது மேல சுண்ணாம்புத் தூசி படிஞ்சிருக்கும், பூட்டிக் கிடந்த வீட்டுச் சுவரு உதிர்ற தூசி ரொம்ப மெல்லிசு, எந்த இடுக்குலயும் நுழையும். இதுக்கு மெயின் ஸ்பிரிங்கை இன்னும் ஒரு சுத்து முறுக்கி வெச்சுட்டு "சரியாயிடுச்சு"ன்னு குடுப்பாங்க சில பேர். அப்போதைக்கு ஓடும், பல்சக்கரம் தேயும்.

செய்ய வேண்டியது இதுதான். டயலை போன்லேர்ந்து கழட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஒயருக்கும் பேப்பர் துண்டுல எண் எழுதிக் கட்டி, போட்டோவும் எடுத்துக்குங்க. டயல் நடுவுல நம்பர் எழுதுற வட்ட லேபிள் இருக்கும், அதைப் புடிச்சிருக்கிற ரிங்கை நகத்தால லேசா நெம்பி எடுங்க, உள்ள திருகாணி தெரியும். சில டயல்ல நடுவுல ஒண்ணு, சிலதுல சின்னதா மூணு. அதைக் கழட்டுனா விரல் போடுற தட்டு கையோட வந்துடும். அதோட நிறுத்திக்குங்க. அதுக்கு உள்ள இருக்கிறது மெயின் ஸ்பிரிங், அதை அவிழ்க்க வேண்டிய அவசியம் நூத்துல ஒண்ணுக்குக் கூட வராது. எண் அச்சடிச்ச வளையம் பழைய டயல்ல பீங்கான் எனாமல், அதைத் தண்ணியில நனைச்ச துணியால துடைச்சா போதும், புதுசு மாதிரி வெள்ளையாயிடும். எலுமிச்சை, புளி, ஆசிட் எதுவும் கிட்ட போகக்கூடாது.

இப்ப டயலைக் கவிழ்த்துப் போட்டு, நல்ல மெல்லிசு பிரஷ்ல தூசியைத் தட்டுங்க. ஊதாதீங்க, ஊதுனா உள்ள போகும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் மெடிக்கல் ஷாப்லயும் எலக்ட்ரானிக்ஸ் கடையிலயும் கிடைக்கும், பல் குத்துற குச்சி முனையில கொஞ்சமா பஞ்சு சுத்தி அதுல நனைச்சு, சக்கரத்தோட பல்லு, கவர்னர் தண்டுல இருக்கிற வார்ம் கியர், தண்டு உக்கார்ற ரெண்டு முனை, இதைத் துடைங்க. பஞ்சு பழுப்பா வரும், வெள்ளையா வர்ற வரைக்கும் மாத்தி மாத்தி துடைங்க. டயலை மெதுவா சுத்தி விட்டுக்கிட்டே செஞ்சா, கொஞ்ச நேரத்துல ஓட்டம் இளகுறது கையிலயே தெரியும். காதுலயும் தெரியும், அழுக்கு டயல் கரகரன்னு இழுத்துக்கிட்டு வரும், சுத்தமான டயல் ஒரே சீரா கிர்ர்ர்னு வந்து நிக்கும். காய்ஞ்சதும் வாட்ச் ரிப்பேர் கடையில கிடைக்கிற ஆயில் ஊசி முனையில எடுத்து தண்டு உக்கார்ற இடத்துல மட்டும் ஒரு பொட்டு. கவர்னர் கிண்ணத்துக்குள்ள எண்ணெய் போட்டா உரசல் போயிடும், டயல் பறக்கும். கான்டாக்ட் மேலயும் கூடாது. டபிள்யூடி 40 அடிக்கிற பழக்கம் நம்ம ஊர்ல நிறைய, தயவுசெஞ்சு டயல்ல அடிக்காதீங்க, அது எல்லா இடத்துக்கும் பரவும், கொஞ்ச நாள்ல திரும்ப பிசினாகும். தையல் மெஷின் எண்ணெயும் வேண்டாம்.

வேகம் சரியான்னு பாக்க எக்ஸ்சேஞ்ச்காரங்க மாதிரி மெஷின் தேவையில்ல. உங்க செல்போனை டயல் பக்கத்துல வெச்சு ரெக்கார்ட் பண்ணுங்க, 0 சுத்தி விடுங்க. அந்த சத்தத்தை அலை வடிவத்துல காட்டுற ஆப் எதுலயாவது திறந்தா பத்து கிளிக் பத்து முள்ளா தெரியும், முதல் முள்ளுக்கும் பத்தாவது முள்ளுக்கும் நடுவுல 0.9 செகண்ட் இருந்தா கச்சிதம். செகண்டுக்கு 9லேர்ந்து 11 வரைக்கும் இருந்தா கை வைக்காதீங்க. அதுக்கு வெளிய இருந்தா மட்டும் கவர்னரோட எடையைப் புடிச்சிருக்கிற மெல்லிய தகடு ரெண்டையும் ஒரே அளவுல மயிரிழை வளைக்கணும். உள்பக்கம் வளைச்சா வேகம் கூடும், வெளிப்பக்கம் வளைச்சா குறையும். ரெண்டும் சமமா இல்லைன்னா டயல் விக்கும்.

டயலுக்குப் பின்னாடி ரெண்டு ஜோடி தகடு இருக்கும். ஒரு ஜோடி வெட்டி வெட்டி சேக்கிற பல்ஸ் கான்டாக்ட், சும்மா இருக்கும்போது ஒட்டியிருக்கணும். அது லைனோட வரிசையிலயே இருக்கு, அதுல கருப்பு படிஞ்சா டயல் டோனே வராது, டயல் பண்ணவே தேவையில்ல, போனே செத்த மாதிரி இருக்கும். இன்னொரு ஜோடி டயல் நகர்ந்ததும் சேர்ந்து, காதுல கட கட சத்தம் கேக்காம ரிசீவரை அமுக்கி வைக்கிறது. இது பிரியாம ஒட்டிக்கிச்சுன்னா எதுவுமே கேக்காது, சேரலைன்னா டயல் பண்ணும்போது காது பிஞ்சுடும். இந்த அறிகுறியை வெச்சே எந்த ஜோடின்னு கண்டுபிடிச்சிடலாம். சுத்தம் பண்றதுக்கு உப்புத்தாள் கூடாது, கான்டாக்ட் முனை தேய்ஞ்சு போயிடும். விசிட்டிங் கார்டை ஒல்லியா வெட்டி ஆல்கஹால்ல நனைச்சு, தகடு ரெண்டுக்கும் நடுவுல விட்டு, மேல லேசா அழுத்திக்கிட்டு இழுங்க. கார்டுல கருப்புக் கோடு விழும். கோடு விழுறது நிக்கிற வரைக்கும் திரும்பத் திரும்ப இழுங்க. ரிசீவர் வைக்கிற இடத்துக்குக் கீழ இருக்கிற கான்டாக்டுக்கும் இதே வைத்தியம்தான்.

டிரான்ஸ்மிட்டர் எதிர்முனையில கரகரன்னு கேட்டா, துகள் ஈரத்துல கட்டியாயிருக்கும். ரிசீவர் கைப்பிடியோட வாய்ப்பக்கத்தை உள்ளங்கையில லேசா நாலு தட்டு தட்டுங்க, பெரும்பாலும் தெளிஞ்சிடும். மல்டிமீட்டர்ல ஓம்ஸ் வெச்சு, பேசிப் பாத்தா முள்ளு ஆடணும், ஆடலைன்னா உயிர் இல்ல. அதே அளவுல எலக்ட்ரெட் மைக் வெச்ச புது இன்சர்ட் வெளிநாட்டுல விக்கிறாங்க, மாட்டுனாலும் பழசை டிராயர்லயே பத்திரமா வையுங்க. வாய்ப்பக்க மூடி இறுகிப்போய் திரும்பலைன்னா கொரடு போட்டுப் புடிச்சுத் திருப்பினா கண்டிப்பா உடையும், ரப்பர் கிளவுஸ் போட்டுக்கிட்டு, ஹேர் டிரையர்ல லேசா சூடு காட்டித் திருப்புங்க. காதுப்பக்க ரிசீவர்ல மேல இருக்கிற இரும்புத் தகட்டை நெம்பி எடுக்காதீங்க, காந்தம் புடிச்சிருக்கும், நெம்புனா வளையும், பக்கவாட்டுல நகத்தி எடுக்கணும்.

மணி. நீங்க "காங்கு ரெண்டுக்கும் நடுவுல மண்ணு"ன்னு எழுதியிருந்தீங்க, அது குளவிக்கூடுதான், பழைய போனைத் திறந்தா அது இல்லாம இருக்கிறதே அதிசயம். ஒரு சொட்டு தண்ணி விட்டு ஊறவெச்சு மரக்குச்சியால எடுங்க, காயில் மேல தண்ணி படக்கூடாது, அதுல இருக்கிற கம்பி தலைமுடியைவிட மெல்லிசு. காயில் ரெண்டும் சேர்ந்து சுமார் 1000 ஓம்ஸ் காட்டணும். ஒண்ணுமே காட்டலைன்னா கம்பி அறுந்திருக்கு. காங்கு பித்தளைன்னு தெரிஞ்சதும் நம்ம வீட்டுல உடனே புளியை எடுப்பாங்க, பல காங்கு மேல நிக்கல் முலாம் இருக்கும், புளி போட்டா திட்டுத் திட்டா போயிடும், ஆச்சிகிட்ட முன்னாடியே சொல்லி வெச்சுடுங்க. திரும்ப மாட்டும்போது காங்கைக் கொஞ்சம் கொஞ்சமா திருப்பி, சுத்தியல் ரெண்டு பக்கமும் சமமா படுற மாதிரி வெச்சு இறுக்குங்க. சுத்தியல் காங்கைத் தொட்டுக்கிட்டே நின்னா சத்தம் செத்துடும், தொட்டதும் விலகணும்.

கண்டன்சர் விஷயத்துல மட்டும் நான் பழசை நம்ப மாட்டேன். உள்ள பேப்பர், பல வருஷத்துல ஈரம் இழுத்துக் கசியும், கசிஞ்சா போனை வெச்ச பிறகும் மணி வழியா டிசி கரண்ட் ஓடும், எக்ஸ்சேஞ்ச்காரன் நாம இன்னும் பேசிக்கிட்டிருக்கோம்னு நினைப்பான். மல்டிமீட்டர்ல சில மெகாஓம்ஸுக்குக் கீழ காட்டுனா, 2.2 மைக்ரோ ஃபாராட், 250 வோல்ட் பாலியெஸ்டர் கண்டன்சர் ஒண்ணு வாங்கி, பழைய டப்பாவை அதே இடத்துல விட்டுட்டு ஒயரை மட்டும் மாத்திக் குடுங்க.

இவ்வளவும் ஆன பிறகுதான் வெளிக்கூடு. பேக்லைட்டோட பளபளப்பு மேல இருக்கிற மெல்லிய பிசின் படலம். உப்புத்தாள் போட்டா அந்தப் படலம் போய் மரத்தூள் வெளிய வந்துடும், அதுக்கப்புறம் எத்தனை பாலிஷ் போட்டாலும் மங்கிதான் இருக்கும். கடைக்காரங்க பஃபிங் மெஷின்ல வைக்கிறதுக்கு நான் பயப்படுறது இதுக்குத்தான். கொஞ்சமா சோப்பு போட்ட வெதுவெதுப்பான தண்ணியில துணியை நனைச்சுப் பிழிஞ்சு துடைங்க, ஊறவைக்காதீங்க. காய்ஞ்சதும் கார் பாலிஷ், இல்லைன்னா ரொம்ப நைஸான ரப்பிங் காம்பவுண்டு, மெத்துன்னு இருக்கிற பழைய வேட்டித் துணியில எடுத்து வட்ட வட்டமா கையால. பிராசோவும் சில பேர் போடுவாங்க, வேலை செய்யும், ஆனா எழுத்து பள்ளத்துலயும் விரிசல்லயும் வெள்ளையா தங்கிடும். விரிசலை அப்படியே விட்டுடலாம், பரவுற மாதிரி இருந்தா மட்டும் அரால்டைட்ல துளி கருப்பு கலர் கலந்து உள்பக்கமா போடுங்க. கறுப்பு பெயின்ட் மட்டும் வேண்டவே வேண்டாம்.

விரல் தட்டு துருப்புடிக்காத எஃகுன்னா தேய்க்கலாம். பித்தளை மேல முலாம் போட்டதுன்னா, முலாம் போன இடத்தை அப்படியே விடுறதுதான் என் விருப்பம், பல விரல் பட்டு தேய்ஞ்சது அது. மறுபடி போட்டே ஆகணும்னா, 1953லேர்ந்து சிக்ரிங்கிற மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற காரைக்குடிப் பக்கம் நிக்கல் பிளேட்டிங் தெரிஞ்ச ஆள் கிடைக்காம போக மாட்டாங்க, குரோம் வேண்டாம், நிக்கல்னு தெளிவா சொல்லிக் குடுங்க.

துணி பின்னின பழுப்புக் கயிறு ராமபாணப் பூச்சிக்கு ரொம்பப் புடிச்ச சாப்பாடு. உள்ள இருக்கிறது சாதாரண ஒயர் கிடையாது, நூல் மேல செப்பு ஜரிகை சுத்தினது, சால்டர் நிக்காது, நூல் கருகிடும். முனை அறுந்தா கிளிப்பை அமுக்கித்தான் மாட்டணும். கயிறு முழுசா போயிருந்தா புதுசா பின்னின கயிறு வெளிநாட்டு போன் ஆர்வலர்கள் விக்கிறாங்க, சுருள் பிளாஸ்டிக் கயிறை மட்டும் 332ல மாட்டாதீங்க, பாக்கவே மனசு கேக்காது.

விட்டுப்போன பார்ட்டைத் தேடி காரைக்குடியில பழைய சாமான் விக்கிற முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போறதா எழுதியிருக்கீங்க. போங்க, நல்ல சாமானும் வருது. ஆனா பித்தளையில பளபளன்னு "விக்டோரியா காலத்து போன்"னு வெச்சிருக்கிறதைத் தூக்கிப் பாருங்க, தகடு மெல்லிசா இருக்கும். டயல் ஓட்டைக்குள்ள பட்டன் இருந்தா, இல்ல பின்னாடி இப்போதைய போன்ல வர்ற சதுர பிளாஸ்டிக் சாக்கெட் இருந்தா, அது புதுசா செஞ்ச அலங்கார சாமான், அதுலேர்ந்து ஒரு பார்ட்டும் உங்களுக்கு ஆகாது. உடைஞ்ச ஐடிஐ பேக்லைட் போன் கிடைச்சா விலை பேசி வாங்கிடுங்க, உள்ள இருக்கிற காயில், காங்கு, திருகாணி எல்லாம் உங்க போனுக்குப் பொருந்த நல்ல வாய்ப்பு இருக்கு. போகும்போது உங்க பார்ட்டையே கையில எடுத்துட்டுப் போய் பக்கத்துல வெச்சுப் பாருங்க.

கடைசியா, பேசலாமா. பேசலாம். பிஎஸ்என்எல் செப்பு லைன் இன்னும் இருந்தா மணி அடிக்கும், வர்ற காலை எடுத்துப் பேசலாம், பல இடத்துல டயலும் எடுக்கும். லைன்ல சும்மா இருக்கும்போது சுமார் 48 வோல்ட் டிசிதான், ஆனா மணி அடிக்கும்போது 75 வோல்ட் ஏசி வரும், அதனால லைனைக் கழட்டிட்டுத்தான் உள்ள கை வைக்கணும். ஃபைபர் கனெக்ஷன்னா மோடத்துல போன் ஓட்டை இருக்கும், அதுல பலது பல்ஸ் டயலைப் புரிஞ்சுக்காது, டயல் டோன் கேக்கும், எத்தனை சுத்துனாலும் டோன் நிக்காது. டயல் கெட்டுப்போச்சுன்னு திரும்பக் கழட்டாதீங்க. பல்ஸை டோனா மாத்துற சின்ன கன்வெர்ட்டர் இருக்கு, இல்லைன்னா கிராண்ட்ஸ்ட்ரீம் HT801 மாதிரி பல்ஸ் டயல் செட்டிங் உள்ள அடாப்டர் வாங்கி இன்டர்நெட்ல மாட்டலாம். ரிங் ஃப்ரீக்வென்சி மாத்துற வசதி இருந்தா 25 ஹெர்ட்ஸ் வையுங்க, பழைய மணி அதுல நல்லா அடிக்கும்.

வேலையை அந்த சிவப்பு பிளாஸ்டிக் போன்லேர்ந்து ஆரம்பிங்க. அது நிறைய கிடைக்கிற வகை, அதோட டயலைக் கழட்டி சுத்தம் பண்ணி ரெக்கார்ட் பண்ணிப் பாத்து கை பழகின பிறகு 332 பக்கம் வாங்க. கருப்பு போன் கைப்பிடியில இருக்கிற நம்பரும் எழுத்தும் தெளிவா தெரியிற மாதிரி, டார்ச்சைப் பக்கவாட்டுல சாய்ச்சு அடிச்சு ஒரு படம் எடுத்துப் போடுங்க, டயலோட பின்பக்கமும் ஒண்ணு. எந்தக் கம்பெனி, எந்த வருஷம்னு பாத்து சொல்றேன்.